தினமும் இடுப்பில் வைக்க ஒரு பிஸ்டல்: டெக்சஸில் முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு

நான் வாங்கிய முதல் பிஸ்டல் ஆறு மாதம் பெட்டகத்துக்குள் தூங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு, எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கடையில் கையில் வாங்கிப் பார்த்ததும், பாக்கெட்டில் போட்டால் யாருக்கும் தெரியாதே என்று மயங்கி அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டேன். மறுவாரம் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய் ஒரு பெட்டி, அதாவது ஐம்பது தோட்டா, சுட்டு முடிப்பதற்குள் கட்டைவிரல் இடுக்கில் தோல் சிவந்து எரிந்தது. ஏழு கஜத்தில் தொங்கிய காகிதத்தைப் பார்த்தால், யாரோ கண்ணை மூடிக்கொண்டு கோலப்புள்ளி வைத்த மாதிரி இருந்தது. அப்புறம் அதைத் தொடவே மனம் வரவில்லை.

இப்போது டெக்சஸில் இருக்கும் நண்பர்கள் யாராவது "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" என்று கேட்டால், பதிலுக்கு நானும் சில கேள்விகள் கேட்கிறேன். என்ன விசா, என்ன உடுத்துகிறீர்கள், கை எவ்வளவு பெரிது, வீட்டில் எத்தனை வயதுப் பிள்ளைகள். மாடல் பெயர் கடைசியில்தான் வரும். அதே வரிசையில் இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் விசா

எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அந்த வழியில் போகிறவர்கள் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. 'வைத்திருப்பது' என்பதற்குச் சொந்தமாக வாங்குவது என்று மட்டும் பொருள் இல்லை. நண்பனின் துப்பாக்கியை ரேஞ்சில் கையில் வாங்கி இரண்டு குண்டு சுடுவதும் அதில் அடங்கும். வார இறுதியில் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துப் போடுகிற நம் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை. துப்பாக்கிக் குற்றம் ஒன்று பதிவானால் கிரீன் கார்டு கனவு அதோடு முடிந்துபோகலாம்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் அதில் தங்கள் கிரீன் கார்டு எண்ணையும் எழுத வேண்டும். கடைக்காரர் அதைக் கொண்டு எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிலருக்குச் சில நாள் இழுக்கும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. "அண்ணா, எனக்கு இன்னும் கிரீன் கார்டு வரலை, உங்க பேர்ல ஒண்ணு வாங்கிக் குடுங்க, காசு நான் தர்றேன்" என்று யாராவது கேட்டால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்தப் படிவத்தின் முக்கியமான கேள்வியே, இதை வாங்குகிற உண்மையான ஆள் நீங்கள்தானா என்பதுதான். அதில் பொய் சொன்னால் கூட்டாட்சிக் குற்றம்.

எங்கே கொண்டுபோகலாம்

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டப்படி தடை இல்லாத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் உரிமம் எடுக்கச் சொல்வேன். கட்டணம் 40 டாலர், முதல் உரிமம் நான்கு முதல் ஐந்து வருடம் செல்லும். சில மணிநேர வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, ஐம்பது தோட்டா சுட்டுக் காட்டும் தேர்வு. மூன்று கஜத்தில் இருபது, ஏழு கஜத்தில் இருபது, பதினைந்து கஜத்தில் பத்து. எழுபது சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. வகுப்பில் சட்டம் சொல்லித் தருகிறார்களே, அந்த இரண்டு மணிநேரம் சுடுகிற பயிற்சியைவிடப் பயன்பட்டது எனக்கு. வேறு பல மாநிலங்களும் இந்த உரிமத்தை ஏற்றுக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் ஏற்பதில்லை. கார் பயணத்துக்கு முன்னால் வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டெக்சஸுக்குள்ளேயும் பள்ளிக்கூடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையத்தில் சோதனை தாண்டிய பகுதி இங்கெல்லாம் கூடாது. அங்கேயே உட்கார்ந்து குடிப்பதற்கான மதுவிற்பனையே பாதிக்கு மேல் வருமானமாக இருக்கும் கடைகளில் சிவப்பில் 51 சதவீதம் என்று எழுதிய பலகை தொங்கும், அங்கேயும் கூடாது. சில தனியார் இடங்களில் வாசலில் துப்பாக்கி கூடாது என்று 30.05, 30.06, 30.07 என்ற சட்டப்பிரிவு எண்களோடு அறிவிப்பு ஒட்டியிருக்கும். உரிமம் உள்ளவர் மறைத்து வைத்திருந்தால் அவருக்கு முக்கியமானது 30.06. கோயில், கல்யாண மண்டபம், மளிகைக் கடை எதுவானாலும் கதவைத் தள்ளுவதற்கு முன்னால் கண் அந்தப் பலகையைத் தேடிப் பழக வேண்டும். குடித்திருக்கும்போது பொது இடத்தில் துப்பாக்கியோடு நடமாடுவதும் குற்றம். பார்ட்டிக்குப் போகிறீர்களா, அது வீட்டுப் பெட்டகத்தில் இருக்கட்டும்.

வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள்

என் பிஸ்டல் பெட்டகத்தில் கிடந்த காலத்தில், அலுவலகத்தில் இருந்த மதுரைக்காரர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "தம்பி, பொண்ணு பார்க்காமயே கல்யாணம் பண்ணிட்டு இப்ப வந்து அழறீங்களே" என்றார். அடுத்த சனிக்கிழமை என்னை ஒரு உள்ளரங்க ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். பெரும்பாலான ரேஞ்சுகளில் ஒரு சிறு தொகைக்கு வாடகைத் துப்பாக்கிகளை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கலாம், தோட்டாவை மட்டும் அவர்களிடமே வாங்க வேண்டும். அன்று நான் நான்கு பிஸ்டல் சுட்டேன். என்னுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை இருந்த ஒன்றில்தான் ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன.

காரணம் சாதாரண இயற்பியல்தான். தோட்டா கொடுக்கிற உதையைத் துப்பாக்கியின் எடை வாங்கிக்கொள்ளும். எடை குறையக் குறைய மிச்சம் உங்கள் கைக்கு வரும். கைப்பிடியும் குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, பிடி நிற்காது. சின்னது சுலபமானது என்று புதியவர்கள் நினைப்பார்கள். நடைமுறையில் சின்ன பிஸ்டல் கைதேர்ந்தவர்களுக்கு உரியது.

வாடகைக்கு எடுக்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றிப் பிடித்தபின் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் இயல்பாக உட்காருகிறதா? உட்காராவிட்டால் உங்கள் கைக்கு அது பெரிது. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினைக் கழற்றும் பொத்தான் பிடியை மாற்றாமல் எட்டுகிறதா? ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு, குறிபார்க்க நுனியில் இருக்கும் முன்குறி தானாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா, அல்லது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? நான்காவது ஸ்லைடு.

ஸ்லைடு என்பது பிஸ்டலின் மேல்பாகம். செமி ஆட்டோமேட்டிக்கில் ஒரு தடவை டிரிகரை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். போன வேகத்தில் ஸ்லைடு பின்னால் வந்து காலிக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். முதல் தோட்டாவை மட்டும் நாம் கையால் ஸ்லைடை இழுத்து ஏற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சின்ன பிஸ்டல்களில் ரொம்பக் கடுமையாக இருக்கும். என் மனைவியால் முதலில் பாதி தூரம்கூட இழுக்க முடியவில்லை. இரண்டு விரலால் கிள்ளி இழுக்காமல், நான்கு விரலையும் மேலே போட்டுப் பிடித்து, துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, பிஸ்டல் இருக்கும் கையை முன்னால் தள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குழல் மட்டும் எப்போதும் இலக்குப் பக்கமே பார்க்க வேண்டும், இதைச் செய்யும்போது பக்கத்தில் நிற்பவர்மேல் திருப்பிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. அப்படியும் முடியாதவர்களுக்கு, மூட்டுவலி உள்ளவர்களுக்கு, ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஷீல்டு ஈஸி என்ற வரிசை இருக்கிறது. ஸ்லைடை எளிதாக இழுப்பதற்காகவே வடிவமைத்தது. 2018இல் .380 என்ற சிறிய தோட்டாவிலும், பிறகு 9 மில்லிமீட்டர் தோட்டாவிலும் வந்தது.

அளவு

மறைத்து வைப்பதற்கான பிஸ்டல்களை மூன்று கூடையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பாக்கெட் அளவு. ரூகர் எல்சிபி 2008இல் வந்தது, .380 தோட்டா ஆறு பிடிக்கும், 270 கிராம் வாக்கில். வேறெதையும் மறைக்க முடியாத உடையில் மட்டும் உதவும் இரண்டாவது துப்பாக்கியாக இதை நினைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல இதில் ஆரம்பிக்க வேண்டாம்.

நடு அளவு. இதற்கு அடையாளம் கிளாக் 19. 1988 முதல் விற்பனையில் இருக்கிறது. நான்கு அங்குலக் குழல், பதினைந்து தோட்டா. நிறைய போலீஸ் துறைகள் பயன்படுத்துகின்றன. சுடுவதற்குச் சுகம், உறையும் உதிரிகளும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் நிரப்பினால் 850 கிராம் வரும், கொஞ்சம் தடிமன். ஒல்லியான உடம்பில், இறுக்கமான சட்டையில், கைப்பிடியின் மூலை துருத்திக்கொண்டு தெரியும். இப்படித் தெரிவதை இங்கே 'பிரிண்டிங்' என்பார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று 2018இல் வந்தது, சிக் சாவர் பி365. அதுவரை ஒல்லியான பிஸ்டல் என்றால் ஆறு, ஏழு, எட்டு தோட்டாதான். மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். பி365இன் மேகசினில் கீழே இரண்டு வரிசை, மேலே போகப் போக ஒன்றாகக் குறுகும். அதனால் சுமார் ஒரு அங்குலத் தடிமனில், அரைக் கிலோ எடையில், பத்துத் தோட்டா அடங்கியது. மறுவருடமே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் பதினொன்றோடு வந்தது, 2021இல் ஷீல்டு பிளஸ். கிளாக் 43எக்ஸும் இந்தக் கூடைதான். முதல் பிஸ்டல் வாங்குகிறவருக்கு என் சிபாரிசு: இந்தக் கூடையில் கைப்பிடி கொஞ்சம் நீளமான மாடலை எடுங்கள். சுண்டுவிரல் கைப்பிடிக்குள் உட்கார வேண்டும், அதுதான் அளவுகோல். கிளாக் 19ஐ உங்கள் உடம்பும் உடையும் மறைத்துவிடும் என்றால் அதுவே இன்னும் நல்லது.

தோட்டா

இதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். 9 மில்லிமீட்டர் வாங்குங்கள், முடிந்தது. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ முகவர்கள் இறந்தபின், 9 மில்லிமீட்டர் போதாது என்று முடிவுகட்டி 10 மில்லிமீட்டருக்கும், பிறகு .40க்கும் போனார்கள். குண்டு செய்யும் தொழில்நுட்பம் மேம்பட்டதும் 2010களின் நடுவில் 9க்கே திரும்பிவிட்டார்கள். உதை குறைவு, மேகசினில் அதிகம் பிடிக்கும், பயிற்சித் தோட்டா மற்றவற்றைவிட மலிவு. கை பலவீனமானவர்களுக்கு .380 சரி, ஆனால் அதன் தோட்டா விலை கூடுதல்.

பயிற்சிக்கு முழு உலோக உறை போட்ட சாதாரணக் குண்டு. தினமும் வைத்திருப்பதற்கு நுனியில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட். அது பட்டதும் விரிந்து வேகம் இழக்கும், துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்புக் குறைவு.

டிரிகரும் சேஃப்டியும்

இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை வெளியே சுத்தியல் தெரியாதவை, ஒவ்வொரு சூட்டுக்கும் டிரிகர் ஒரே மாதிரி இருக்கும். தனியாக சேஃப்டி பொத்தான் உள்ள மாடலும் உண்டு, இல்லாத மாடலும் உண்டு. இல்லாதது ஆபத்து என்று நம் ஆட்கள் பயப்படுவார்கள். பொத்தான் இருந்தால் பதற்றத்தில் அதைத் தள்ள மறக்காத அளவுக்குப் பயிற்சி வேண்டும். இல்லாவிட்டால் டிரிகரை முழுக்க மூடும் உறையும், விரலை டிரிகருக்கு வெளியே நீட்டி வைக்கும் பழக்கமும் அதைவிட அதிகமாக வேண்டும். புதியவர் எதை எடுத்தாலும் தப்பில்லை, ஆனால் வீட்டில் இரண்டு பிஸ்டல் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: சுத்தம் செய்யக் கழற்றும்போது டிரிகரை அழுத்த வேண்டுமா? கிளாக்கில் அழுத்த வேண்டும். பி365இல் வேண்டாம். அழுத்த வேண்டிய மாடல் என்றால், மேகசினைக் கழற்றி, அறை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம், காலி என்று கண்ணால் ஒருமுறை, விரலை விட்டுத் தடவி ஒருமுறை பார்த்த பிறகுதான். மேகசினைக் கழற்றிவிட்டேனே, காலிதானே என்று நினைப்பவர்கள் அறைக்குள் இருக்கும் ஒரு தோட்டாவை மறந்துவிடுகிறார்கள்.

உறையும் பெல்ட்டும்

பிஸ்டலுக்கு ஐந்நூறு டாலர் கொடுத்துவிட்டு உறைக்குப் பதினைந்து டாலர் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொளதொள துணி உறை வேண்டவே வேண்டாம். திரும்ப உள்ளே செருகும்போது அதன் வாய் மடிந்து டிரிகரில் மாட்டும். கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த உறை அறுபது முதல் நூறு டாலருக்குள் கிடைக்கும். வாங்கி வந்ததும் காலித் துப்பாக்கியைச் செருகி, தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்குங்கள், விழக் கூடாது. டிரிகர் வெளியே எந்தப் பக்கமும் தெரியக் கூடாது.

பேன்ட்டுக்கு உள்பக்கம் வைப்பதுதான் மறைப்புக்கு நல்லது. வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் வைக்கலாம், அல்லது முன்பக்கம் தொப்புளுக்கு வலப்புறமாக. முன்பக்கம் நன்றாக மறையும், ஆனால் குழல் பார்க்கிற திசையை யோசித்துப் பாருங்கள், செருகும்போது அவசரமே கூடாது. தொப்பை உள்ளவர்களுக்கு உட்காரும்போது குத்தும். பெல்ட் கெட்டியாக இருக்க வேண்டும். சாதாரணத் தோல் பெல்ட் அரைக் கிலோ எடையில் நாள் முழுக்கச் சரிந்துகொண்டே இருக்கும், நீங்களும் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் இடுப்பைத் தொட்டுத் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பீர்கள். பார்க்கிறவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

சட்டையை இன் பண்ணி அலுவலகம் போகிறவர் சின்ன அளவுக்கும் அதற்கேற்ற உறைக்கும் இறங்க வேண்டியிருக்கும். வெளியே விடுகிறவர், கட்டம் போட்ட சட்டையோ பூப்போட்ட சட்டையோ ஒரு அளவு பெரிதாக எடுத்தால், டெக்சஸ் வெயிலிலும் கிளாக் 19 மறைந்துவிடும். நாடா வைத்த பேன்ட், ஹூடியின் தொங்கும் கயிறு இரண்டும் உறைக்குள் மாட்டக்கூடியவை. வேட்டியில் முடியாது. முயன்றவரை எனக்குத் தெரியும்.

வாங்கிய பிறகு

பெட்டியிலிருந்து எடுத்து நேராக இடுப்பில் வைக்க வேண்டாம். முதலில் எண்ணெய் போட்டுத் துடைத்து, இருநூறு தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். அதில் ஐம்பது, தினமும் வைக்கப்போகிற ஹாலோ பாயிண்ட்டாக இருக்கட்டும். சில பிஸ்டல்கள் சாதாரணக் குண்டை அழகாக ஏற்றும், குழிக்குண்டில் தடுமாறும். நடுவில் சிக்கினால் உடனே துப்பாக்கியைத் திட்டாதீர்கள். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலும் ஸ்லைடு முழுக்கத் திரும்பாமல் சிக்கும்.

அப்புறம் ஒரு வாரம் வீட்டுக்குள் காலியாக அணிந்து நடங்கள். சாமான் தூக்குங்கள், குனிந்து ஷூ கட்டுங்கள், காரில் ஏறி இறங்குங்கள். நாள் முடிவில் டிரிகர் எங்கும் அழுந்தவில்லை என்று நீங்களே பார்ப்பீர்கள், அறையில் தோட்டா வைத்துப் போவதைப் பற்றிய பயமும் அதில்தான் தெளியும். கழிப்பறையில் பிஸ்டலைக் கழற்றி ஓரமாக வைக்கும் பழக்கத்தை முதல் நாளே தவிர்த்துவிடுங்கள். வைத்துவிட்டு மறந்து வந்தவர்கள் நிறைய.

நான்கு விதிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரியும்வரை எதையும் நிரப்ப வேண்டாம். எந்தத் துப்பாக்கியும் நிரம்பியதென்றே நினை. அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலைத் திருப்பாதே. குறி இலக்கில் நிற்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

பிள்ளைகளும் காரும்

டெக்சஸில் 17 வயதுக்குக் கீழான பிள்ளையின் கைக்கு, பூட்டாமல் விட்ட நிரப்பிய துப்பாக்கி போனால் பெரியவர்மேல் வழக்கு வரும். வழக்கைவிடப் பெரிய விஷயம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அலமாரியின் மேல்தட்டு மறைவிடமே இல்லை, தீபாவளிப் பலகாரத்தை அங்கே வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் எண் பொத்தான் வைத்த சிறு பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும். காரிலும் இருக்கைக்கு அடியில் கம்பிவடத்தால் கட்டிய ஒரு பெட்டி. கோயிலில் 30.06 பலகை இருந்தால் அங்கேதான் வைக்க வேண்டியிருக்கும், டேஷ்போர்டு அறையில் வைத்தால் கண்ணாடியை உடைப்பவனுக்குக் கொடுத்த பரிசு. கோயில் வாகன நிறுத்துமிடத்துக்கு வந்தபின் கழற்றிப் பூட்டுவதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள், வழியிலேயே எங்காவது நிறுத்திச் செய்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் சேர்த்தால் பிஸ்டல், உறை, பெல்ட், வீட்டுக்கும் காருக்கும் பூட்டுப்பெட்டி, முதல் ஐந்நூறு தோட்டா, வகுப்பு என்று ஆயிரம் டாலரைத் தொடும். பட்ஜெட் இடித்தால் பிஸ்டலில் குறையுங்கள். நானூறு டாலருக்குள்ளேயே நம்பகமானவை இருக்கின்றன.

ஊருக்குப் போகும்போது

இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா பையில் இருந்தாலும் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின்படி வழக்குப் போடலாம். அங்கே விமான நிலையங்களில் இப்படிப் பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் மறதிக்காரர்கள். நானும் ஒருமுறை சென்னைக்கு மூட்டை கட்டும்போது, தோள்பையின் பக்கவாட்டு ஜிப்பில் விரல் விட்டேன், குளிர்ச்சியாக ஏதோ உருண்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் ரேஞ்சுக்கு எடுத்துப்போன அதே பை. வீட்டிலேயே கண்டுபிடித்தேன், தப்பித்தேன். மறுநாள் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ரேஞ்சுக்கென்று தனிப்பை ஒன்று வாங்கினேன். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில்கூட வீட்டில் யாரும் அதை எடுப்பதில்லை.